முடிச்சுத் திண்ணை

எம்.ஜி.ஆரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973-ஆம் ஆண்டு மே 11-ஆம் தேதி வெளியானது. திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதி இடைத்தேர்தலுக்கு வாக்குப்பதிவு மே 20. நடுவில் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் சின்னாளபட்டியில் தறிச்சத்தம் பாதியாகக் குறைந்துபோனது என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அரசியல் நூல்கள் அந்தத் தேர்தலை வேறு விதமாக எழுதும். முந்தைய அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கிய அ.தி.மு.க. சந்தித்த முதல் தேர்தல் அது. இரட்டை இலைச் சின்னம் அந்தக் கட்சிக்கு வந்து சேர்ந்ததும் அதில்தான். அதன் வேட்பாளர் மாயத்தேவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டு வருஷத்துக்கு முன் 184 சட்டமன்ற இடங்களை அள்ளியிருந்த ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. எனக்கு அப்போது பத்து வயசு. இந்தக் கணக்கெல்லாம் பின்னால் படித்தவை. மதுரை ரோட்டில், எங்கள் ஊர்ப் பிரிவில், ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த சனம்தான் என் நினைவில் நிற்கிறது.

எம்.ஜி.ஆர். சாயங்காலம் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். பாய், தண்ணிச் செம்பு, தூங்கி வழியும் பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெரியம்மா வேப்பமரத்தடியில் பழைய சேலையை நாலாய் மடித்துப் போட்டு என்னைப் படுக்கவைத்தார். எத்தனை மணியோ தெரியாது, கிழக்கே சிறுமலைக்கு மேல் வெளுப்பு இன்னும் தட்டவில்லை, யாரோ உலுக்கி எழுப்பினார்கள். வேனுக்குள் எரிந்த விளக்கில் ஒரு வெள்ளைத் தொப்பியும் ஒரு கையும் தெரிந்தன. அந்தக் கை இரண்டு விரலைக் காட்டியது. வேன் போய்விட்டது. பெரியம்மா அழுகையும் சிரிப்புமாக, “என்னையப் பாத்துத்தான்டி சிரிச்சாரு” என்றார். பக்கத்தில் நின்ற சித்தியும் அதையேதான் சொன்னார். பின்னால் நின்ற சாயப்பட்டறைக்காரரும் அதையே சொன்னார். ஒருத்தரை ஒருத்தர் யாரும் மறுக்கவில்லை. எல்லாரையும் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார் என்று ஏற்றுக்கொண்டு, பேசிக்கொண்டே ஊருக்குள் நடந்தோம்.

திரையிலோ வானொலியிலோ வருகிற ஒருவரை நமக்கு நெருங்கிய மனுஷராக மனசு எடுத்துக்கொள்வதைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதியிருக்கிறார்கள். ஒருபக்க உறவு அது. இந்தப் பக்கம் இருப்பவருக்கு எல்லாம் தெரியும், அந்தப் பக்கம் இருப்பவருக்கு இவர் இருப்பதே தெரியாது. ஆசிரியையாகி வெகுகாலம் கழித்து அதைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் முகம்தான் வந்தது. ஆனால் அந்தக் கட்டுரையில் இல்லாத ஒன்று எங்கள் தெருவில் இருந்தது. பெரியம்மாவுக்கு எம்.ஜி.ஆர். மேல் இருந்த பாசம் தெருவுக்கே தெரியும். பெரியப்பாவுக்குத் தெரியும். பால்காரருக்குத் தெரியும். எதிர்வீட்டு மதினி சிவாஜி கட்சி, அவருக்கும் தெரியும். அந்தப் பாசத்தைக் கேலி செய்ய ஆள் இருந்தது, தடுக்க ஆள் இருந்தது, துணைக்கு அழுவதற்கும் ஆள் இருந்தது. இந்த ஒன்றைத்தான் இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டுத் திண்ணையை முடிச்சுத் திண்ணை என்பார்கள். மதியம் சோறு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு ஏழெட்டுப் பெண்கள் அங்கே கூடுவார்கள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற வேலை. வெள்ளைத் துணியில் குறித்திருக்கும் புள்ளியைக் கட்டைவிரல் நகத்தால் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்து, நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இழுத்து இறுக்க வேண்டும். சாயத்தில் முக்கி எடுத்துக் காய்ந்த பிறகு முடிச்சைப் பிரித்தால், சாயம் ஏறாத இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக, நடுவில் ஒரு துளி நிறத்தோடு நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. கூலி குறைவு. கண்ணும் விரலும் துணியில் இருக்கும், காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் தொடர்கதை.

குமுதமோ ராணியோ கல்கியோ, தெருவுக்கு ஒரு பிரதிதான் வரும். அது கை மாறி எங்கள் திண்ணைக்கு வரும்போது அட்டை மடிந்து, காப்பிக் கறை பட்டிருக்கும். படிக்கத் தெரிந்தவள் நான். கணீரென்று வாசிப்பேன். கதாநாயகியை மாமியார் ஏசுகிற இடம் வந்தால் முடிச்சுப் போடும் கைகள் நின்றுவிடும். “இவ ஏன் இம்புட்டையும் பொறுத்துக்கிட்டுக் கெடக்கா, அப்பன் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே” என்பார் ஒருத்தர். “போனா மட்டும்? உன்னைய உங்கப்பன் வீட்ல வச்சுக்கிட்டாங்களாக்கும்” என்பார் இன்னொருத்தர். கொஞ்ச நேரத்தில் பேச்சு கதையை விட்டு எங்கள் தெருவுக்கே வந்துவிடும். சொல்லாமல் வைத்திருந்த துக்கத்தை ஒரு பெண் கதாநாயகியின் பேரைச் சொல்லிக் கொட்டித் தீர்ப்பார். மற்றவர்களுக்கு அது யார் கதை என்று தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். “அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல காலம் வரும், அடுத்த வாரம் பாரு” என்பார்கள்.

‘தொடரும்’ என்று முடியும். அப்புறம் ஏழு நாள் ஒன்றும் வராது. அந்த ஏழு நாளும் கதை எங்கள் வாயில்தான் வளரும். எழுத்தாளர் எழுதியதைவிட நல்ல திருப்பங்களைத் திண்ணை எழுதியிருக்கிறது என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். கதையை ஆறவைத்து, மென்று, நம் வாழ்க்கையோடு ஒத்துப் பார்க்கிற வேலை அந்த இடைவெளியில்தான் நடந்தது. மனநலம் என்ற வார்த்தையை அங்கே யாரும் கேட்டதில்லை.

தறிக்குழிகளில் இலங்கை வானொலி. நெசவாளி காலைக் குழிக்குள் விட்டு மிதித்து, வலக்கை கயிற்றை இழுக்க நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருக்கும்போது, மேலே மாடத்தில் டிரான்சிஸ்டர். ‘பொங்கும் பூம்புனல்’ ஒரு வீட்டில் தொடங்கினால் தெருக்கோடிவரை அதே பாட்டு நடந்து வரும். நாம் நடந்தாலும் பாட்டு விட்டுப்போகாது. கே.எஸ். ராஜாவின் குரல், அப்துல் ஹமீதின் தமிழ், ராஜேஸ்வரி சண்முகம் பேசுகிற நிதானம். பள்ளிக்கூடத்தில் எனக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தவர்களைவிட இவர்கள் அதிகம் சொல்லிக்கொடுத்தார்கள். பாட்டுக்குப் பாட்டு நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு நாங்களும் தெருவில் அதே போட்டி வைப்போம். 1983-க்குப் பிறகு இலங்கையில் தமிழர்களுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டபோது எங்கள் தறிக்காரர்கள் பதைத்தது வெறும் செய்தி கேட்ட பதைப்பு இல்லை. அந்தக் குரல்காரர்களெல்லாம் பத்திரமாக இருக்கிறார்களா என்று கேட்டார்கள். முகம் பார்க்காத மனுஷர்களுக்காக அப்படித் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஊடகம் மனசுக்குள் செய்கிற நல்ல காரியத்துக்கு இதைவிட ஒரு சாட்சி எனக்குத் தேவையில்லை.

நேயர் விருப்பத்துக்குப் போஸ்ட்கார்டு எழுதுவது என் அத்தை மகளின் பொழுதுபோக்கு. பதினைந்து பைசா கார்டு. திருச்சி வானொலிக்குத்தான் அதிகம் எழுதினாள். பாட்டின் பேர், படத்தின் பேர், கீழே ‘விரும்பிக் கேட்பவர்கள்’ என்று வீட்டில் உள்ள அத்தனை பேர் பெயரும். அவள் பெயர் ஒருநாள் மத்தியானம் வந்தது. ஊரின் பெயரும் சேர்ந்து வந்தது. தெருவில் நாலைந்து பேர் கேட்டிருந்தார்கள். கடைக்குப் போனவளை மளிகைக்காரர், “என்ன தாயி, ரேடியோவுல எல்லாம் வர்ற” என்றார். ஒரு வாரம் அந்தப் பேச்சு ஓடியது, பிறகு ஓய்ந்தது. எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குப் பிடித்தது என்ற எண் அவளுக்கு வரவில்லை. யாருடைய பெயர் தன் பெயரைவிட அதிகம் வாசிக்கப்பட்டது என்று ஒப்பிடவும் வழியில்லை. அதனால் அந்த மகிழ்ச்சியை யாரும் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அந்தக் காலத்தைப் பொன்னாக்கிக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் எம்.ஜி.ஆரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்துக்கு வைத்த தலைப்பிலேயே ‘பிம்பச் சிறை’ இருக்கிறது. திரையில் ஏழைக்காக வாளெடுத்தவரை நம்பி, நிஜத்தில் தங்களுக்கு எதிராகப் போன ஆட்சியையும் ஏழைகள் தாங்கிப் பிடித்தார்கள் என்பது அவர் வாதம். கூலி உயரவேயில்லை என்று புலம்பிய அதே வாயால் பெரியம்மா அவருக்கு வாழ்த்துச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பாண்டியனை மறுக்க என்னால் முடியாது. மதுரையில் தங்கி ரசிகர் மன்றங்களை ஆராய்ந்த சாரா டிக்கி 1993-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இன்னொரு பக்கத்தையும் எழுதினார். மன்றத்தில் சேர்ந்தவர்களுக்கு அங்கே ஒரு மரியாதை, ஒரு கூட்டாளித்தனம், ஊருக்கு உதவுகிற பெருமை கிடைத்தது. எங்கள் தெரு மன்றத்துப் பையன்கள்தான் மழையில் சுவர் இடிந்த வீட்டுக்குக் கீற்று வாங்கி வேய்ந்தார்கள். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே தெருவில் பார்த்தவள் நான்.

1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். படுத்தபோது ஊரே கோயிலுக்குப் போனது. கோட்டை மாரியம்மனுக்கு அக்னிச்சட்டி, மண்சோறு. டிசம்பரில் தேர்தல். அவர் நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில். பேசமுடியாத அந்த மனுஷர் உட்கார்ந்து சாப்பிடுகிற, பத்திரிகை பார்க்கிற படத்தை வீடியோவில் எடுத்து வந்து ஊர் ஊராகப் போட்டார்கள். சத்தமில்லாத படம். நான் அதைத் திண்டுக்கல்லில் ஒரு முச்சந்தியில் பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற பூக்காரப் பாட்டி, “முழுங்குறாரு பாரு, தொண்டை நல்லா இருக்கு” என்றார். கூட்டம் முழுக்க அந்தத் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஊருக்குள் கால் வைக்காமலேயே அவர் ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். ஒரு பிம்பம் என்ன செய்யும் என்பதை அன்றைக்கு முச்சந்தியில் நின்று கற்றுக்கொண்டேன்.

1987 டிசம்பர் 24, எம்.ஜி.ஆர். போன நாள். அதை விரித்து எழுத மனசு வரவில்லை. தமிழ்நாடெங்கும் பலர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பத்திரிகைகள் பெயர் பெயராகப் பட்டியல் போட்டன. அப்படிப்பட்ட சாவுகளைப் பெரிதுபடுத்தி அச்சிட்டால் அதைத் தொடர்ந்து மேலும் சாவுகள் நடக்கின்றன என்று டேவிட் பிலிப்ஸ் என்ற சமூகவியலாளர் 1974-இலேயே புள்ளிவிவரத்தோடு காட்டியிருந்தார். அது நம்முடைய செய்தி மேசைகளுக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. பெரியம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. தெருப் பெண்கள் முறைவைத்து அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததல்ல. ‘அக்கா தனியா இருக்கக் கூடாது’ என்று எதிர்வீட்டு மதினிதான் ஆரம்பித்தார். சிவாஜி கட்சி மதினி. நாலாம் நாள் பெரியம்மா எழுந்து முடிச்சுப் போட வந்து உட்கார்ந்தார்.

கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் வந்து, எங்கள் சமவெளியில் மொட்டைமாடிகளெல்லாம் மேற்கே பார்த்து ஆன்டெனா நட்டுக்கொண்ட காலம் அடுத்தது. டி.வி. இருந்த வீடு தெருவுக்கு ஒன்றோ இரண்டோ. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் அந்த வீட்டு வாசலில் செருப்புக் குவியல். இந்தி புரியாமலேயே ஞாயிற்றுக்கிழமை ராமாயணம் பார்த்தோம். புரிந்தவர் ஒருத்தர் கதை சொல்லுவார், அவர் சொல்வது சரியில்லை என்று இன்னொருத்தர் திருத்துவார். கம்பராமாயணம் தெரிந்த தாத்தா ஒருவர் ‘இது கம்பன்ல இல்லை’ என்று ஒவ்வொரு வாரமும் எழுந்து போவார், அடுத்த வாரம் முதல் ஆளாக வருவார். திடீரென்று படம் போய் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை வந்து நிற்கும். முணுமுணுப்போம். அப்புறம் பேசுவோம். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், பாவு விலை எவ்வளவு, யார் பெண்ணுக்கு எந்த ஊரில் வரன். படம் திரும்ப வந்தபின்னும் பேச்சு முடியாமல் ஓடும். அந்தத் தடங்கல்களில் நடந்த காரியம் எவ்வளவு என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. இப்போதைய திரையில் ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாக வந்து நிற்கிறது. கீழே தள்ளத் தள்ளத் தீராமல் வருகிற அந்த அமைப்பை உருவாக்கிய ஏசா ரஸ்கின், நிறுத்திக்கொள்ள மனுஷருக்கு ஓர் இடம் விடாமல் போய்விட்டோமே என்று பின்னாளில் வருந்திப் பேசியிருக்கிறார்.

கேபிள் வந்ததும், 1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்ததும், 2006 தேர்தலுக்குப் பிறகு அரசே வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சி தந்ததும் தெரிந்த கதை. வீட்டுக்கு ஒரு டி.வி. ஆனபோது வாசல் செருப்புக் குவியல் மறைந்தது. திண்ணையும் அந்தச் சமயத்தில்தான் போனது. சுங்குடிக்குக் கைமுடிச்சு குறைந்து மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டிங்கும் ஏறிவிட்டன. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் தெருவில் முடிச்சுப் போடத் தெரிந்த கைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு வந்திருந்தன. வீட்டை இடித்துக் கட்டும்போது தம்பி திண்ணையை எடுத்துவிட்டு பைக் நிறுத்த இடம் விட்டான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அங்கே உட்கார யாருமில்லை.

வதந்தியையும் சொல்ல வேண்டும். பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கிறான் என்ற பயம் என் சின்ன வயசிலும் உண்டு. பாலம் கட்டுகிறார்கள், அணை கட்டுகிறார்கள், பலி கொடுக்கப் பிள்ளை வேண்டுமாம் என்று வருஷத்துக்கு ஒருதரம் கிளம்பும். அப்போது அம்மா கேட்கிற முதல் கேள்வி, “யாரு சொன்னா?” சொன்னவருக்கு ஒரு முகம் இருந்தது. அவர் முன்னால் என்னென்ன புளுகியிருக்கிறார் என்று தெருவுக்குத் தெரியும். அந்தக் கேள்வியிலேயே பாதி வதந்தி செத்துப்போகும். 2018 மே மாதம், குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் பிள்ளை பிடிப்பவர் என்று சொல்லி அடித்துக் கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய குரல் பதிவுகளும் படங்களும் முன்னமே எல்லார் மனசிலும் பயத்தை ஊற்றி வைத்திருந்தன. அந்தப் பதிவுகளில் சிலவற்றை எங்கள் ஊரிலும் கேட்டோம். பதறிய ஒரு பெண்ணின் குரல், நம் பக்கத்துத் தமிழ், ‘என் கண்ணால பாத்தேன்’ என்ற உறுதி. யார் சொன்னது என்று கேட்டால் ‘குரூப்புல வந்துச்சு’ என்றார்கள். அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. மூதாட்டியின் உயிருக்கு அது பிந்திய கட்டுப்பாடு. தொலைக்காட்சியில் வன்முறையை நிறையப் பார்ப்பவர்களுக்கு உலகம் இருப்பதைவிடக் கொடியதாகத் தோன்றும் என்று ஜார்ஜ் கெர்ப்னர் வெகுகாலம் முன்பே சொல்லியிருக்கிறார். வளையல்காரர் ஒருவர் அந்த வருஷம் எங்கள் தெருவுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். நாற்பது வருஷமாக வந்தவர்.

டிக்டாக்கைப் பற்றி எனக்கு ஊரார் பேச்சிலிருந்து கொஞ்சம் மாறுபட்ட எண்ணம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடைசெய்யச் சொன்னபோது, பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஆசிரியர்கள் நாங்கள் பலர் நிம்மதிப்பட்டோம். மூன்று வாரத்தில் தடை நீங்கியது. மறுவருஷம் ஜூன் 29-இல் மத்திய அரசு ஒரேயடியாக மூடியது. எங்கள் தெருவில் சாயப்பட்டறைக்குப் போகிற ஒரு பையன் இருக்கிறான். நகக்கண்ணில் எப்போதும் நீலமோ சிவப்போ ஒட்டியிருக்கும். கல்யாண வீடுகளில் பின்வரிசையில் நிற்கிற பிள்ளை. வேலை முடிந்து, காய்கிற சேலைகளுக்கு நடுவே பழைய பாட்டுகளுக்கு ஆடிப் படம் போடுவான். எங்கிருந்தோ ஆயிரக்கணக்கில் ஆட்கள் அவனைப் பார்த்தார்கள். துபாயிலிருந்து ஒருத்தர் ‘தம்பி, உன் ஆட்டத்தைப் பாத்தாத்தான் எனக்குத் தூக்கம்’ என்று எழுதினாராம். மூடிய மறுநாள் அவன் முகம் துக்க வீட்டு முகமாக இருந்தது. “டீச்சர், அம்புட்டுப் பேரும் எங்க போனாங்கன்னே தெரியல” என்றான். அவர்கள் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. அதுவரை யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஒரு பிள்ளைக்கு அந்தப் பார்வை எவ்வளவு பெரிய உணவு என்று அன்றைக்குத் தெரிந்தது. அவனிடம் தெருவில் யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. அது துக்கம் என்றே யாருக்கும் தோன்றவில்லை. பெரியம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்ட தெரு அதே தெருதான்.

பேத்தி திண்டுக்கல்லில் பிளஸ் டூ படிக்கிறாள். சனி ஞாயிறு என்னிடம் வருவாள். மொட்டைமாடியில் நின்று ஒரு படம் எடுத்தாள். நல்ல வெளிச்சம், பின்னால் சிறுமலை, அழகாக வந்திருந்தது. இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டுக் கீழே வந்தாள். போனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் படத்தை எடுத்துவிட்டாள். “ஏன்டா, நல்லாத்தானே இருந்துச்சு?”

“யாரும் பாக்கல, அம்மாச்சி.”

“நான் பாத்தேனே.”

“நீங்க பாத்தா ஆச்சா” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. கூடப் படிக்கிற ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினாள். அதற்கு எத்தனை இதயங்கள் விழுந்திருக்கின்றன என்று எண் கீழே இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். படத்தில் தோல் மெழுகினதுபோல் இருந்தது, மூக்கு ஒடுங்கியிருந்தது. “ஃபில்டர் அம்மாச்சி, எல்லாருக்கும் தெரியும்” என்றாள். தெரிந்தும் வலிக்கிறது. தன்னைத் தன்னோடொத்தவர்களோடு ஒப்பிட்டே மனுஷர் தன் அளவை அறிகிறார் என்று ஃபெஸ்டிங்கர் 1954-இல் எழுதியதை ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் மனப்பாடம் செய்தோம். அவர் எழுதியபோது ஒப்பிடுவதற்கு வகுப்பில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். ஃபிஜித் தீவின் நட்ரோகாவுக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்த மூன்று வருஷத்தில், உடம்பு பருமனை அழகென்று கொண்டாடிவந்த அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் மெலிவதற்காகச் சாப்பிட்டதை வாந்தியெடுக்கத் தொடங்கியதை ஆன் பெக்கர் பதிவு செய்தார். பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்குத் தன் உடம்பைப் பற்றிய மனக்கஷ்டத்தை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்று அந்த நிறுவனத்தின் உள் ஆவணமே சொன்னது 2021-இல் வெளியே வந்தது. தொலைக்காட்சியில் வந்தவர்கள் தூரத்து ஆட்கள். இன்ஸ்டாகிராமில் பக்கத்து பெஞ்சுக்காரியே நட்சத்திரம். அதுதான் பிள்ளைகளை அதிகம் அறுக்கிறது என்று எனக்குப் படுகிறது.

2024 ஜனவரியில், எங்களுக்கு அடுத்த கரூர் மாவட்டத்தில், எட்டாம் வகுப்புப் படித்த மூன்று பெண்பிள்ளைகள் வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். கொரியாவுக்குப் போய் பி.டி.எஸ். பாடகர்களைப் பார்க்க வேண்டும். விசாகப்பட்டினம் போனால் அங்கிருந்து கப்பல் ஏறிவிடலாம் என்று திட்டம். கையில் பதினாலாயிரம் ரூபாய் போலச் சேர்த்து வைத்திருந்தார்கள். சென்னைவரை போனவர்கள் பயந்து திரும்பும்போது காட்பாடியில் போலீஸ் கண்டுபிடித்தது. நல்லவேளை, பிள்ளைகள் பத்திரமாக வந்தார்கள். செய்தியைப் பார்த்து ஊரெல்லாம் சிரித்தது. மீம் போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் காலத்திலும் எம்.ஜி.ஆரைப் பார்க்க, சினிமாவில் சேர, கோடம்பாக்கத்துக்கு ரயில் ஏறிய பிள்ளைகள் திண்டுக்கல் ஸ்டேஷனிலேயே பிடிபட்டிருக்கிறார்கள். ஆசை புதுசு இல்லை. அப்படி ஓடிய பையனை யாராவது பிடித்து வந்தால், ‘அவன் எம்.ஜி.ஆர். பைத்தியமாச்சே, அதான்’ என்று தெருவே சொல்லும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஏழு பாடகர்கள் மேல் இருந்த பாசம் எத்தனை ஆழம் என்று வீட்டுப் பெரியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அந்த ஏழு பெயரையும் நம் ஊரில் எத்தனை தகப்பன்மார் சொல்லிவிடுவார்கள்? ஒரே வீட்டுக்குள், ஒரே கூடத்தில், அவரவர் காதில் அவரவர் பாட்டு. பிள்ளை சிரித்தாலும் எதற்கென்று தெரியாது, அழுதாலும் தெரியாது. இலங்கை வானொலிக் காலத்தில் ஒரு வீட்டுப் பாட்டு தெருக்கோடிவரை கேட்டது.

பதினாறு வயசுக்குட்பட்டவர்களுக்கு சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று ஆஸ்திரேலியா சட்டம் போட்டு, அது 2025 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அது ஒரு வழி, நடக்கட்டும். எனக்கு அதிகாரம் இருப்பது என் வீட்டுக் கூடத்தில் மட்டும்தான். கரூர்ச் செய்தி வந்த வாரம் பேத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “உனக்கும் அவங்களப் பிடிக்குமா?” என்று கேட்டேன். சந்தேகமாகப் பார்த்தாள், திட்டப்போகிறேன் என்று நினைத்திருப்பாள். “பிடிக்கும்னா யாரை ரொம்பப் பிடிக்கும்?” என்றதும் முகம் மாறியது. அன்றைக்கு ராத்திரி பதினோரு மணிவரை பேசினாள். எந்தப் பையன் கிராமத்திலிருந்து வந்தவன், எவன் பாட்டெழுதுகிறவன், எவனுக்கு மனச்சோர்வு வந்து அதைப் பற்றியே பாட்டெழுதினான் என்று சொல்லச் சொல்ல, இந்தப் பிள்ளை எதற்காக அவர்களிடம் போய் நின்றது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. பத்தாம் வகுப்பில் அவள் பட்ட ஒரு கஷ்டத்தை அந்தப் பாடகன் பேரைச் சொல்லித்தான் அவளால் எனக்குச் சொல்ல முடிந்தது.

இப்போது ஏழு பேரையும் அடையாளம் சொல்லுவேன். ஜிமினையும் ஜங்குக்கையும் மட்டும் இன்னும் மாற்றிவிடுகிறேன், அவளுக்குக் கோபம் வரும். 2025 ஜூன் மாதம் பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் ஓடிவந்து, “அம்மாச்சி, எல்லாரும் மிலிட்டரி முடிச்சு வெளிய வந்துட்டாங்க” என்றாள்.

“எல்லாரும் உடம்புக்கு நல்லா இருக்காங்களா?”

“சுகாவுக்குத்தான் தோள்பட்டைல பழைய ஆபரேஷன். அவரு கடைசியா வந்தாரு. இருங்க, காட்டுறேன்” என்று போனை என் பக்கம் திருப்பினாள்.